முகம் பார்க்காத நண்பர்களை நம்பி ஜெர்மன் நர்சிங் வேலைக்குப் படிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஜெர்மனிக்குப் போவதற்காக வேலையை விட்டுவிட்டு மொழி படிக்கிறேன். பி2 நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் ஹோரன், அதாவது கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. வீட்டில் "கையில இருந்த வேலையையும் விட்டுட்டு உட்கார்ந்திருக்கே" என்கிறார்கள். டெலிகிராமில் பழக்கமான நாலைந்து பேர்தான் தெம்பு சொல்கிறார்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. இவர்களை நம்பி இந்தப் பாதையில் போவது சரியா? இல்லை, மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக நேரத்தைப் போக்கிக்கொண்டிருக்கிறேனா?

பதில்:

போகலாம். ஆனால் அந்த நாலைந்து பேர் உங்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, உங்கள் ஜெர்மனை அவர்கள் எத்தனை தடவை காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "கவலைப்படாதே, அடுத்த தடவை பாஸ்தான்" என்று எழுதுகிறவரும் நல்லவர்தான். நீங்கள் பேசி அனுப்பிய மூன்று நிமிட ஒலிப்பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் தடுமாறுகிறீர்கள் என்று சொல்கிறவர்தான் உங்களைக் கரை சேர்ப்பவர். அப்படி ஒருவராவது அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

நான் ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வார்டு நர்ஸ். மொழி படிக்கத் தொடங்கியதிலிருந்து இங்கே நர்ஸாகப் பதிவு கிடைத்தது வரைக்கும் எனக்குத் துணை நின்றவர்களில் பாதிப் பேரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், புதிதாகப் படிப்பவர்களோடு பேச்சுப் பயிற்சிக்கு உட்காருகிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை எடுத்துக்கொள்வோம். கோத்தே நிறுவனத்தின் பி2 தேர்வில் லேஸன் (படித்தல்), ஹோரன் (கேட்டல்), ஷ்ரைபன் (எழுதுதல்), ஷ்ப்ரெஷன் (பேசுதல்) என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வாங்க வேண்டும். போனதை மட்டும் தனியாகத் திரும்ப எழுதலாம். ஆக, நீங்கள் நான்கில் மூன்றை முடித்தவர். வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. அவர்கள் காதில் விழுவது "மறுபடியும் ஃபெயில்" என்ற ஒன்றுதான். குழுவில் இருப்பவருக்கோ "ஹோரன் மட்டும்" என்ற இரண்டே சொல்லில் முழு நிலைமையும் புரிந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் சொல்வது சொந்த அம்மா சொல்வதைவிடத் தெம்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். அம்மாவுக்குக் கரிசனம் குறைவு என்று அர்த்தமில்லை. அவருக்கு இந்தப் பாதை தெரியாது, இவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நர்ஸாக இருந்தவர் நர்ஸாகப் போகிறார், இதில் புதிய தொழில் எங்கே வந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இங்கே வந்து முதல் மாதம் வேலை பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் லைன் போடுவது, மருந்து ஏற்றுவது, டாக்டர் ரவுண்ட்ஸோடு ஓடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது என்று நாள் போகும். நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் பெரும்பாலும் கூட வந்த சொந்தக்காரர்கள் அல்லது ஆயாக்கள். ஜெர்மனியில் பல வார்டுகளில் நரம்பில் ஊசி குத்தி லைன் போடுவது டாக்டரின் வேலை. நோயாளியை எழுப்பி, கழுவி, உடை மாற்றி, உட்காரவைத்து, சாப்பிடவைப்பது நர்ஸின் வேலை. படித்துப் பட்டம் வாங்கி ஐசியூவில் நின்றவர்கள் இதைப் பார்த்து ஒடிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஃபோன் போட்டுச் சொல்லவும் முடியாது. "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிப் போனே" என்ற பதில் வரும் என்று தெரியும்.

எங்கள் குழுவில் இதைப் பற்றி ஒருவர் புலம்பியபோது, அவருக்கு முன்னால் வந்த மதுரைக்காரர் ஒருவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை கழுவிவிடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். குதிகாலும் இடுப்பெலும்புப் பக்கமும் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் வெளுக்கிறதா, புரளும்போது மூச்சு வாங்குகிறதா, நேற்றுத் தானே கையைத் தூக்கியவர் இன்று தூக்குகிறாரா. இப்படி ஒரு பத்து வரி. படுக்கைப்புண் வருவதை முதலில் கண்டுபிடிப்பது கழுவிவிடும் கைதான், அதை டாக்டரிடம் சொல்லும்போது நீ யாரென்று வார்டுக்குத் தெரியும் என்று முடித்திருந்தார். அந்தப் பத்து வரி செய்ததை நூறு 'ஹார்ட்' படம் செய்திருக்காது.

இதற்கு ஆராய்ச்சி வழியாகவும் ஒரு காரணம் உண்டு. 1977-இல் ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியல் அறிஞர், "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. முதலாவதுதான் இவற்றில் வலுவானது. பிறர் சொல்லி வரும் நம்பிக்கை, ஒரு தோல்வி வந்தால் சீக்கிரம் கரைந்துவிடும். இரண்டு தடவை ஹோரன் போன பிறகு "உன்னால் முடியும்" என்ற செய்தி உங்களுக்குப் பழையபடி ஏறவில்லை என்றால், குறை உங்களிடமும் இல்லை, சொன்னவரிடமும் இல்லை.

இரண்டாவது வழியைக் கவனியுங்கள். "தன்னைப் போன்ற" என்ற சொல்தான் அதில் உயிர். பி2-க்கு அடுத்த நிலையான சி1 முடித்துப் பட்டுப்போல் ஜெர்மன் பேசுகிறவரின் வீடியோ உங்களுக்குத் தெம்பு தராமல் போகலாம், சில நாள் பயத்தையே கூட்டலாம். தமிழ் மீடியத்தில் படித்து, ஆங்கிலமே தட்டுத் தடுமாறிப் பேசி, உங்களைப் போலவே ஹோரனில் சறுக்கி, மூன்று மாதம் முன்புதான் தேறிய ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். அவருக்கு நீங்கள் நிற்கும் இடம் இன்னும் ஞாபகத்தில் இருக்கும். எந்தப் பயிற்சி உதவியது, எது வீண் என்று சுடச்சுடச் சொல்வார். இந்த மாதிரி ஆளை உங்கள் தெருவிலோ பழைய மருத்துவமனையிலோ தேடினால் கிடைப்பது அபூர்வம். இணையத்தில் கிடைப்பார்.

முதல் வழி, அதாவது தானே செய்து முடித்தது என்பதற்கும் நண்பர்கள் உதவ முடியும். ஹோரனுக்கு நாங்கள் செய்யும் பயிற்சியைச் சொல்கிறேன். ஜெர்மன் தொலைக்காட்சியின் 'டாகஸ்ஷாவ் 100 வினாடி' என்று ஒரு செய்தித் தொகுப்பு இணையத்தில் கிடைக்கும். அது வேகமாக இருந்தால் டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் வெளியிடும், மெதுவாக வாசிக்கும் செய்தி. நான்கு பேரும் ஒரே செய்தியை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், நிறுத்தக் கூடாது. கேட்டவுடனே, புரிந்ததை ஜெர்மனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து குழுவில் போட வேண்டும். அடுத்தவர் பதிவைக் கேட்கும் முன் உங்களுடையது போயிருக்க வேண்டும், இது கட்டாயம். அப்புறம் நான்கையும் ஒப்பிட்டால் தெரியும்: ஒருவர் எண்களை விட்டிருப்பார், ஒருவர் "இல்லை" என்று வரும் இடத்தை "ஆம்" என்று எடுத்திருப்பார், ஒருவர் முதல் வாக்கியத்தில் புரியாத ஒரு சொல்லிலேயே நின்று, அடுத்த மூன்று வாக்கியத்தைத் தவறவிட்டிருப்பார். பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள்தான் ஹோரனில் போகிறார். பி2 ஹோரனில் சில பகுதிகள் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். தெரியாத சொல்லை உதறிவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தனியாக உட்கார்ந்து படிக்கும்போது கை தானாகவே ரீவைண்ட் பட்டனுக்குப் போகும். நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் போகாது.

உங்கள் நாலைந்து பேரோடு இப்படி ஏதாவது ஒரு வேலை தொடங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அது நல்ல நட்பு. தினமும் "குட் மார்னிங்" படமும், "எப்ப எக்ஸாம், பயமா இருக்கு" என்ற பேச்சும் மட்டும்தான் நடக்கிறது என்றால் அவர்களை விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால் படிக்கும் நேரத்தை அங்கே கொடுக்காதீர்கள்.

பெரிய குழு, சிறிய குழு என்ற வித்தியாசமும் இருக்கிறது. ஆயிரம் பேர் இருக்கும் டெலிகிராம் குழு தகவலுக்கு நல்லது. சென்னையில் தேர்வுத் தேதி திறந்துவிட்டது, ஜெர்மனியின் எந்த மாநில அலுவலகம் எந்தக் காகிதத்தைக் கேட்கிறது என்பதெல்லாம் அங்கேதான் முதலில் வரும். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும், அதனால். ஆனால் அதே பெரிய குழுவில், நடுராத்திரி ஒருவர் "விசா ரிஜெக்ட்" என்று போட்டால் ஆயிரம் பேருக்கும் தூக்கம் போய்விடும். ஏன் மறுத்தார்கள், என்ன காகிதம் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது, பயம் மட்டும் பரவும். அதை மியூட்டில் வைத்து, நாளுக்கு ஒரு தடவை பாருங்கள். தைரியத்துக்கு நான்கு பேர் போதும்.

இப்போது நம்பிக்கை பற்றி. நேரில் பார்க்காதவரிடம் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதில் நான் கறார். உங்கள் ஜெர்மனைத் திருத்த நம்பலாம், மனசுவிட்டுப் பேச நம்பலாம். பணம், பாஸ்போர்ட் நகல், சான்றிதழ் நகல் இவற்றுக்கு நம்பக்கூடாது. தேர்வே எழுதாமல் பி2 சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று இந்தக் குழுக்களுக்குள் வந்து தனிச் செய்தி அனுப்புகிறவர்கள் உண்டு. இரண்டு தடவை போனவர் என்று தெரிந்தால் உங்களைத்தான் தேடி வருவார்கள். பக்கத்தில் போகாதீர்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் விசா வாய்ப்பே கெட்டுவிடும். ஒருவேளை பிடிபடாமல் வந்தாலும், நோயாளி "மூச்சு முட்டுகிறது" என்று சொல்வது புரியாமல் நிற்கும் ஆபத்து அதைவிடப் பெரியது.

நண்பர் ஒருவர் ஏஜென்சியைச் சிபாரிசு செய்தால், அவர் அதன் வழியாகத்தான் வந்தாரா, ஆள் சேர்த்தால் அவருக்கு ஏதும் கிடைக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். நல்ல நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஜெர்மன் அரசு 'ஃபேர் அன்வெர்புங் ஃப்ளேகெ டாய்ச்லாண்ட்' (நர்சிங்குக்கு நியாயமான முறையில் ஆள் எடுத்தல்) என்று ஒரு தர முத்திரை வைத்திருக்கிறது. ஆள் எடுக்கும் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும், நர்ஸிடம் வாங்கக்கூடாது என்பது அதன் அடிப்படை. அந்த முத்திரை உள்ளவர்களா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். பெண்களுக்கு இன்னொரு வார்த்தை: புதிய பழக்கம் எப்போதும் குழு அழைப்பாகவே தொடங்கட்டும். படிப்பைப் பற்றிப் பேசாமல் தனி வீடியோ அழைப்புக்கே வற்புறுத்துகிறவரைத் தயங்காமல் பிளாக் செய்யுங்கள்.

வீட்டைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்கு வலித்தது. குழுவில் தெம்பு கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். மதிப்பெண் தாளை அப்பா கையில் கொடுத்து, இந்த மூன்றும் முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி, இதை மட்டும் திரும்ப எழுதினால் போதும் என்று காட்டுங்கள். அப்புறம் ஒரு காரியம் செய்யுங்கள், இது பல வீடுகளில் பலித்திருக்கிறது. குழுவில் ஏற்கெனவே ஜெர்மனி வந்துவிட்ட ஒருவரை, முடிந்தால் அக்கா வயதில் இருப்பவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா அம்மாவோடு வீடியோவில் பேசவைத்துவிடுங்கள். அப்பா இலக்கணம் கேட்கப் போவதில்லை. எங்கே தங்குறீங்க, ராத்திரி டியூட்டி முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போறீங்க, அரிசி கிடைக்குதா, சம்பளம் சரியா வருதா என்றுதான் கேட்பார். அவர் மனதில் அதுவரை உருவமில்லாமல் இருந்த ஜெர்மனிக்கு ஒரு சமையலறையும் ஒரு பேருந்து நிறுத்தமும் வந்துவிடும். அந்த அழைப்புக்குப் பிறகு அப்பாவே தேர்வுக் கட்டணம் கட்டிய வீடு எனக்குத் தெரியும்.

பண விஷயத்தில் நண்பர்கள் உதவ முடியாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சேமிப்பு கரைந்துகொண்டிருந்தால் வாரத்தில் சில நாள் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி பாருங்கள். முழு நாளும் வீட்டில் இருந்து படித்தால்தான் தேற முடியும் என்பது உண்மையில்லை. கையில் கொஞ்சம் காசு வந்தால் படிப்பும் ஓடும், வீட்டில் பேச்சும் குறையும். நர்சிங்கில் இடைவெளி அதிகமாகாமல் இருப்பதும் பின்னால் நல்லது.

குழுவில் ஒருவர் தேறி விமானம் ஏறும் நாளில் மனசு ஒரு மாதிரி ஆகும். வாழ்த்து எழுதிவிட்டு ஃபோனைத் தள்ளிவைக்கத் தோன்றும். இது எல்லோருக்கும் வருவதுதான். போனவர் பதில் போடுவதும் குறையும். அது பவிசு இல்லை. வந்த புதிதில் வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு, ஷிப்ட் என்று மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நாட்களில் நீங்கள் செய்யக்கூடியது, உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்குக் கை கொடுப்பது. ஷ்ரைபனில் தேறியவர் நீங்கள். பி2-க்கு முந்தைய பி1 படிக்கும் ஒருவரின் கடிதத்தைத் திருத்திக் கொடுங்கள். கிளை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும், நம் தமிழ் மாதிரியே என்று அவருக்கு விளக்கும்போது, உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த நட்பு பி2-வோடு முடிவதும் இல்லை. உங்கள் படிப்பை ஜெர்மன் படிப்போடு ஒப்பிட்டு, இன்னது குறைகிறது என்று அங்குள்ள மாநில அலுவலகம் ஒரு கடிதம் தரும். அதன்பின் சில மாதங்கள் உதவியாளர் நிலையில் வேலை பார்த்தபடி, ஒன்று தகுதித் தேர்வு எழுத வேண்டும், இல்லை குறைந்ததை ஈடுகட்டும் தழுவல் பயிற்சி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் 'ஃப்ளேகெஃபாஹ்ஃப்ராவ்' (தகுதி பெற்ற நர்ஸ்) என்ற பட்டப் பெயரோடு முழுச் சம்பளம். 2020-இல் வந்த புதிய சட்டம் கொடுத்த பெயர் இது. அந்த இடைக்காலம்தான் மிகவும் தனிமையானது. புத்தக ஜெர்மன் தெரிந்து வந்தால், பாட்டிகள் வட்டார வழக்கில் பேசுவார்கள். வார்டு டெலிபோன் மணி அடித்தால் வயிற்றைக் கலக்கும். எதிரே முகமும் தெரியாது, சைகையும் கிடையாது. இதற்கு ஒருவர் எங்கள் குழுவில் போட்ட வாக்கியத்தை நான் இன்றைக்கும் புதியவர்களுக்கு அனுப்புகிறேன்: "ஐனன் மொமென்ட் பிட்டெ, இஷ் ஃபெர்பிண்டெ ஸீ மிட் மைனர் கொலேகின்." ஒரு நிமிடம், என் சக ஊழியரிடம் இணைக்கிறேன் என்று அர்த்தம். இதை ஒரு சீட்டில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டிவிட்டால் முதல் வாரம் ஓடிவிடும்.

நேர வித்தியாசம்கூட இதில் வசதிதான். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. இங்கே இரவுப் பணியில் ஒரு மணிக்கு இடைவேளைக்கு உட்காரும்போது, சென்னையில் விடிகாலை படிக்க எழுந்தவர்கள் விழித்திருப்பார்கள். அப்போது பேசலாம். ஆனால் நோயாளியின் பெயர், படம், அறை எண் எதுவும் அந்தப் பேச்சில் வரக்கூடாது. இங்கே நோயாளியின் ரகசியத்தை வெளியில் சொல்வது குற்றவியல் சட்டப்படியே தண்டனைக்குரியது. தமிழில்தானே சொல்கிறோம், நம் குழுதானே என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் முன் ஒன்று பாருங்கள். டெல்க் என்ற மொழித் தேர்வு நிறுவனத்தின் 'பி1-பி2 ஃப்ளேகெ' என்ற தேர்வு நர்சிங்குக்காகவே இருக்கிறது. அதில் காதில் விழும் பேச்சு பணி ஒப்படைப்பு, நோயாளியோடு உரையாடல் என்று நமக்குப் பழகிய உலகத்தில் இருக்கும். பல மாநிலங்கள் அதை ஏற்கின்றன. உங்களை எடுக்கும் மருத்துவமனையும் அந்த மாநிலமும் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எந்த மாநிலத்தில் பேச்சு நடக்கிறது, கடந்த தேர்வில் ஹோரனில் எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள். அந்த மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் சேர விருப்பம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், உங்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வரலாம்.